கிரெப்: "இல்லை" என்று சொல்லும் கருவியின் கதை

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். திருக்குறள்ல "தமிழ்" என்ற சொல் எத்தனை தடவை வருது?

நிறைய பேருக்கு விடை தெரிஞ்சிருக்கும். ஒரு தடவைகூட வரல. பட்டிமன்றத்திலிருந்து வினாடி வினா வரைக்கும் கேட்டுப் பழகின தகவல் இது. ஆனா எனக்கு அதுக்கு அடுத்த கேள்விதான் முக்கியம். இல்லைன்னு எப்படித் தெரியும்? ஒரு சொல் இருக்குன்னு காட்ட ஒரே ஒரு குறள் போதும். இல்லைன்னு காட்டணும்னா 1,330 குறளையும், அதாவது 2,660 வரிகளையும் பார்க்கணும். நடுவுல ஒரு வரி விட்டுப்போனாலும் அந்த "இல்லை"க்கு மதிப்பு கிடையாது.

முன்னாடி இதுக்காகவே புலவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சொல்லடைவு தயாரிச்சாங்க. இன்னைக்கு உங்க லேப்டாப்ல குறள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா இருந்தா, ஒரு வினாடிகூட ஆகாது. லினக்ஸ், மேக் ரெண்டிலும் டெர்மினலைத் திறந்து கிரெப் என்று அடித்து, தேட வேண்டிய சொல்லையும் ஃபைல் பெயரையும் கொடுத்தா போதும். அந்தச் சொல் உள்ள வரிகள் மட்டும் திரையில் வரும். மத்ததெல்லாம் நின்னுடும்.

இந்தக் கருவிக்கு வயது ஐம்பதைத் தாண்டிடுச்சு. அது பிறந்த கதையிலும் "இந்தச் சொல் இங்கே இல்லை" என்பதுதான் மையம். அங்கிருந்து தொடங்கறேன்.

பப்ளியஸ் யார்?

1787. அமெரிக்காவுக்குப் புது அரசியல் சாசனம் எழுதி முடித்தாச்சு. மாநிலங்கள் ஒவ்வொன்றா ஒப்புதல் தரணும். நியூயார்க் மாநில மக்களைச் சம்மதிக்க வைக்க, அங்குள்ள பத்திரிகைகளில் "பப்ளியஸ்" என்ற புனைபெயரில் வரிசையாகக் கட்டுரைகள் வெளிவந்தன. 1788-க்குள் மொத்தம் 85 கட்டுரைகள். இன்னைக்கு அதை ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ் என்கிறோம்.

பப்ளியஸ் என்ற முகமூடிக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே. பிராட்வே மியூசிக்கல் மூலமா ஹாமில்டன் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். 1804-ல் ஆரன் பர்ரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் இறந்துபோனார். மேடிசன் பிற்பாடு அமெரிக்காவின் நாலாவது அதிபர் ஆனார். எந்தக் கட்டுரை யாருடையது என்று ரெண்டு பேர் தரப்பிலிருந்தும் பட்டியல்கள் வந்தன. அந்தப் பட்டியல்கள் ஒத்துப்போகல. 12 கட்டுரைகளை ரெண்டு தரப்பும் தங்களுடையதுன்னு சொன்னாங்க.

சும்மா பெருமைக்கான சண்டைன்னு நினைக்க வேண்டாம். அந்த 12-ல் 51-வது கட்டுரையும் ஒன்று. அரசின் ஒவ்வொரு கிளையும் மற்றதைக் கட்டுப்படுத்தும்படி அமைய வேண்டும் என்ற வாதம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் சாசனத்துக்குப் பொருள் சொல்லும்போது இந்தக் கட்டுரைகளை இன்னமும் எடுத்துப் பார்க்கின்றன. யார் எழுதினது என்பது தெரிஞ்சா, என்ன நினைத்து எழுதினார் என்பதும் கொஞ்சம் தெளிவாகும்.

ரெண்டு பேரும் ஒரே காலத்து ஆட்கள், ஒரே பாணியில் எழுதினவர்கள். ஒரு வாக்கியத்தில் சராசரியா எத்தனை சொல் என்று எண்ணிப் பார்த்தால், ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய 35. அதை வைத்துப் பிரிக்க முடியாது. அப்புறம் டக்ளஸ் அடேர் என்ற வரலாற்றாசிரியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். "அதே சமயம்" என்ற பொருளில் ஹாமில்டன் "வைல்" என்று எழுதுவார், மேடிசன் "வைல்ஸ்ட்" என்று எழுதுவார். பழக்கதோஷம். எழுதுகிறவருக்கே தெரியாத பழக்கம்.

ஃபிரெடரிக் மோஸ்டெல்லர், டேவிட் வாலஸ் என்ற ரெண்டு புள்ளியியல் பேராசிரியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சொற்களை எண்ணும் வேலை கையால்தான் நடந்தது. சொற்களைக் காகிதச் சுருளில் தட்டச்சு செய்து, துண்டு துண்டாக வெட்டி, அகர வரிசையில் அடுக்க வேண்டும். யாராவது பலமாக மூச்சு விட்டால் எல்லாம் பறந்துடும். பிறகு கம்ப்யூட்டர் உதவிக்கு வந்தது. 1964-ல் அவர்கள் புத்தகம் வெளியானது.

அவர்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு "அப்பான்" என்ற சாதாரணச் சொல். ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்குச் சுமார் மூன்று தடவை அதைப் பயன்படுத்துகிறார். மேடிசன் அபூர்வமாகத்தான் தொடுகிறார். சர்ச்சைக்குரிய 12 கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் அது ஒரு தடவைகூட வரவில்லை. இப்படிப் பல சொற்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, 12-ம் மேடிசனுடையதாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த வழக்கில் முக்கியமான சாட்சி, ஒரு சொல் வராமல் போனது. மௌனம்தான் சாட்சி சொல்லியிருக்கு.

ஒரு ராத்திரியில் பிறந்த கருவி

இப்போ சுமார் பத்து வருஷம் தாண்டி, நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்ற ஊருக்கு வரலாம். பெல் லேப்ஸ் அங்கேதான் இருந்தது. யூனிக்ஸ் அங்கே வளர்ந்துகொண்டிருந்த காலம், 1973 வாக்கில். அங்கே லீ மக்மேன் என்ற ஆராய்ச்சியாளருக்கும் இதே ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ் மேல் ஆர்வம். கட்டுரைகள் கம்ப்யூட்டரில் ஏறியாச்சு. சொற்களைத் தேடணும்.

அப்போதைய வசதி என்னன்னு முதல்ல சொல்லிடறேன். பெரும்பாலும் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம்தான். நீங்க அடிக்கிறதும் கம்ப்யூட்டர் பதில் சொல்றதும் காகிதத்தில் அச்சாகும். வேகம் வினாடிக்குப் பத்து எழுத்து. ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ் முழுசும் பத்து லட்சம் எழுத்துக்கு மேல். அதை ஒரு தடவை அச்சடித்துப் பார்க்கவே 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால வேண்டிய வரி மட்டும் வரணும் என்பது அன்னைக்குச் சௌகரியம் மட்டும் இல்ல, கட்டாயத் தேவை.

யூனிக்ஸில் "எட்" என்று ஒரு எடிட்டர் இருந்தது. எழுதினவர் கென் தாம்ப்சன், யூனிக்ஸை உருவாக்கினவர்களில் ஒருவர். அந்த எடிட்டரில் ஒரு கட்டளை உண்டு. முதலில் ஜி, அதாவது குளோபல், ஃபைல் முழுக்க என்று பொருள். அடுத்து ரெண்டு சாய்கோட்டுக்கு நடுவில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமா ஆர்.இ. கடைசியில் பி, அதாவது பிரின்ட். ஃபைல் முழுக்கத் தேடு, இந்த வடிவம் உள்ள வரிகளை அச்சடி. ஜி, ஆர்.இ., பி நாலு எழுத்தையும் சேர்த்துப் படித்தால் கிரெப். பேர் வந்தது அப்படித்தான்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதைத் தமிழில் சொல்வடிவம்னு சொல்லிக்கலாம். "வைல்" என்று தொடங்கி, பின்னால் "ஸ்ட்" இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்பதை ஒரே வரியில் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறியீடு. இதன் வேர் தேடலில் இல்லை, நரம்பில் இருக்கிறது. 1943-ல் வாரன் மெக்கலக், வால்டர் பிட்ஸ் ரெண்டு பேரும் மூளை நரம்புகளுக்கு ஒரு கணித மாதிரி கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நரம்பு வலையால் எந்தெந்த வடிவங்களை அடையாளம் காண முடியும் என்ற கேள்வியை 1951-ல் ஸ்டீபன் கிளீனி எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் உண்டாக்கின குறியீடுதான் இது. 1968-ல் கென் தாம்ப்சன் அதைத் தேடல் நிரலாக மாற்றும் வழியை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இன்னைக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுறீங்களே, அதுக்கு கிளீனி ஸ்டார்னு இன்னமும் பேர்.

சரி, மக்மேனிடம் திரும்புவோம். எடிட்டருக்குள் இவ்வளவு வசதி இருந்தும் அவருக்கு உதவல. காரணம் அளவு. அப்போது யூனிக்ஸ் ஓடின பிடிபி-11 ரக எந்திரத்தில் ஒரு நிரலால் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்த இடம் 64 கிலோபைட். உங்க போன்ல எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரிசு. ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ் அந்த எடிட்டரில் அடங்கவில்லை.

பிரையன் கெர்னிகன் சொல்லும் கதைப்படி, தாம்ப்சன் எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்து, ஒரு ராத்திரியில் தனி நிரலாக ஆக்கிக் கொடுத்தார். தாம்ப்சன் தன் நினைவிலிருந்து சொல்லும் கதை கொஞ்சம் வேற. கேட்டவர் டக் மெக்கில்ராய். "யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்ற மாதிரி தாம்ப்சன் பதில் சொன்னார். உண்மையில் அந்த நிரலைத் தன் சொந்த உபயோகத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருந்தார். ராத்திரி கொஞ்சம் சரிபார்த்து, மறுநாள் புதுசு மாதிரி நீட்டிட்டார்.

ரெண்டில் எது சரி? ரெண்டும் நடந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோணுது. ஒரே கட்டடத்தில் ஒரே தேவை ரெண்டு பேருக்கு வந்திருக்கலாம். ரெண்டு கதையும் ஒத்துப்போகிற இடம் ஒன்று இருக்கு. தேடும் வேலையை எடிட்டரின் பிடியிலிருந்து விடுவித்ததுதான் அந்த ராத்திரியின் சாதனை.

ஒரு வரி மட்டும் ஞாபகம்

விடுவித்ததால் என்ன மாறியது? எடிட்டருக்குத் திருத்தும் வேலையும் இருக்கிறது. முன்னும் பின்னும் போய்வரணும். எல்லா வரிக்கும் கணக்கு வைத்துக்கொள்ளணும். கிரெப்புக்கு அது தேவையில்லை. ஒரு வரியைப் படி. தேடும் வடிவம் அதில் இருக்கிறதா பார். இருந்தால் அச்சடி. இல்லையா, மறந்துவிடு. அடுத்த வரி. ஃபைல் முடியும்வரை இதையே செய். பைத்தானில் நாலைந்து வரியில் நீங்களே எழுதிப் பார்க்கலாம். முதல் வாரம் பைத்தான் படிக்கிற ஒருத்தரால முடியும்.

எந்த நேரத்திலும் ஞாபகத்தில் ஒரு வரி இருந்தால் போதும். அதனால 64 கிலோபைட் எந்திரத்தில் பத்து லட்சம் எழுத்து ஓடியது. அதே காரணத்தால் இன்னைக்குப் பல ஜிபி லாக் ஃபைலும் சாதாரண லேப்டாப்பில் ஓடுகிறது.

அதே 1973-ல் யூனிக்ஸில் பைப் வந்தது. ஒரு நிரல் வெளியே தள்ளுவதை அடுத்த நிரலின் வாயில் நேரடியாக ஊற்றும் வசதி. மெக்கில்ராய் 1964-லேயே தோட்டக் குழாய்களை இணைக்கிற மாதிரி நிரல்களை இணைக்கணும் என்று குறிப்பு எழுதியிருந்தார். வரி உள்ளே, வரி வெளியே என்று வேலை செய்யும் கிரெப் அந்தக் குழாயில் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு கிரெப் வடிகட்டினதை இன்னொரு கிரெப் வடிகட்டலாம், வந்ததை எண்ணலாம், வரிசைப்படுத்தலாம். மக்மேன் இதே வழியில் செட் என்ற இன்னொரு கருவியை எழுதினார். அது ஓடுகிற வரிகளை ஓட்டத்திலேயே திருத்தும். கிரெப் என்பது ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவே ஆகி, 2003-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியது.

கிரெப்பிடம் இன்னொரு குணம் உண்டு. தேடினது கிடைக்கலைன்னா அது "கிடைக்கவில்லை" என்றுகூடச் சொல்லாது. ஒன்றுமே சொல்லாமல் முடிந்துவிடும். டெலிடைப் காலத்தில் வெட்டிப் பேச்சு காகிதத்துக்கும் நேரத்துக்கும் செலவு. ஆனால் உள்ளுக்குள் ஒரு எண்ணை விட்டுச் செல்கிறது. கிடைத்தால் 0. கிடைக்காவிட்டால் 1. தேடவே முடியாவிட்டால், உதாரணமா ஃபைலே இல்லைன்னா, 2. அதாவது "தேடினேன், இல்லை" வேற, "தேடவே முடியல" வேற என்பது அதற்குத் தெரியும்.

தமிழுக்கு வரும்போது இந்த வித்தியாசம்தான் சிக்கலாகிறது.

தமிழில் மௌனம்

"தமிழ்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறி. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இந்த ஐந்தும் யூடிஎஃப்-8 முறையில் ஆளுக்கு மூன்று பைட்டாக, மொத்தம் 15 பைட்டாகப் பதிவாகின்றன. இந்த யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்தது யார் தெரியுமா? அதே கென் தாம்ப்சன், ராப் பைக்கோடு சேர்ந்து. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அதை வரைந்தார்கள். தமிழ் ஃபைலில் கிரெப் ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும், ஒரே மனிதரின் ரெண்டு யோசனைகள் சந்தித்துக்கொள்கின்றன.

இப்போ "தமிழ்" என்று புள்ளியோடு தேடினால், "தமிழர்", "தமிழில்", "தமிழை" எதுவும் வராது. அவற்றில் ழ-வுக்குப் பின்னால் புள்ளி இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு "தமிழ" என்று தேடினால் எல்லாம் வரும், "தமிழ்" உட்பட. மெய்யெழுத்தில் முடிகிற எந்தச் சொல்லைத் தேடினாலும் இந்தப் பழக்கம் உதவும். ரொம்பச் சுருக்கி "மிழ்" என்று தேடினால் "அமிழ்து" வரும் குறள்களும் வந்து நிற்கும். வடிவம் அகலமானால் குப்பை, குறுகினால் இழப்பு.

ஒகரம் இன்னும் வம்பு. "கொ" என்பதை க-வும் ஒரே ஒகரக் குறியுமாகப் பதியலாம். க, எகரக் கொம்பு, கால் என்று பிரித்தும் பதியலாம். திரையில் ரெண்டும் ஒன்றே. கிரெப்புக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. செய்யுளில் சீர் பிரித்து அச்சிடும்போது ஒரு சொல் ரெண்டு துண்டாகலாம், ஒரு தொடர் ரெண்டு வரிக்கு நடுவில் உடையலாம். வரி வரியாகப் பார்த்து மறக்கும் கருவியால் அதைப் பார்க்கவே முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய மௌனம் பழைய ஃபைல்களில் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு ஏற்பாடு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பரவலாக இருந்த பாமினியில், ஆங்கில ஜே, கே, பி, ஓ என்ற நாலு எழுத்தும் ஒரு செமிகோலனும் சேர்ந்தால் திரையில் "தமிழ்" என்று தெரியும். ஃபைலுக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் டிஸ்கி என்ற வேறொரு முறையில் இருந்து, பிற்பாடு யூனிகோடுக்கு மாறின. பாமினி ஃபைலிலோ டிஸ்கி ஃபைலிலோ யூனிகோடு "தமிழ்" என்று தேடினால், ஆயிரம் இடத்தில் அந்தச் சொல் இருந்தாலும் கிரெப் மௌனமாகத்தான் இருக்கும். உள்ளுக்குள் 1 என்று எழுதிவைக்கும். தேடினேன், இல்லை. உண்மையில் அது தேட முடியாத இடம். கருவிக்கு அது தெரியாது.

இதைத்தான் இன்னைக்கு நான் சொல்ல வந்தேன். கிடைத்த வரியை நீங்க கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். கிடைக்காத வரி கண் முன்னால் வரவே வராது. அதனால "இருக்கு" என்பதைவிட "இல்லை" என்பதைத்தான் அதிகமா சோதிக்கணும். ஒரு தலைவர் இதைப் பற்றிப் பேசவே இல்லை, இந்த ஆவணத்தில் அப்படி ஒரு பேரே இல்லை என்று யாராவது தேடிப்பார்த்துச் சொன்னால், எந்த ஃபைலில், எந்த வடிவத்தில் தேடினீங்கன்னு கேளுங்க.

சோதிக்க ரெண்டு எளிய வழி இருக்கு. முதலாவது, கட்டாயம் இருக்கும் என்று தெரிந்த ஒன்றை முதலில் தேடுங்க. குறள் ஃபைல்ல "அற" என்று போட்டால் வரிகள் கொட்டணும். அதுவே வரலைன்னா பிரச்சினை ஃபைலில், வள்ளுவரிடம் இல்ல. ரெண்டாவது, கூட்டிப் பாருங்க. கிரெப்புக்கு வி என்ற விருப்பத்தைக் கொடுத்தால், பொருந்தாத வரிகளை மட்டும் தரும். பொருந்தினதும் பொருந்தாததும் சேர்ந்தால் 2,660 வரணும். கூட வந்தால் ஃபைலில் உரையோ அதிகாரத் தலைப்போ கலந்திருக்கு. குறைந்தால் குறள் விட்டுப்போயிருக்கு.

இந்த ரெண்டையும் செய்துவிட்டு "தமிழ" என்று தேடுங்க. அப்போது ஒரு வரியும் வரலைன்னா, அந்த மௌனத்தை நீங்க நம்பலாம்.